என் தரைக்கு ஒரு நல்ல வார்த்தை

ஐம்பதைத் தாண்டிய ஒருவர், வாட்ஸ்அப்பில் தன் முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் தன் வீட்டுச் சிமெண்டுத் தரையின் படத்தை வைக்கலாமா? நான் வைத்தேன். வைத்த மறுநாள் காலையிலேயே கீழ்வேளூரிலிருந்து என் பெரியம்மா மகன் போன் செய்தான். எடுத்த எடுப்பில், குரலைத் தாழ்த்தி, "யாருப்பா தவறிட்டாங்க?" என்றான். படம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்ததால் துக்கம் என்று நினைத்துவிட்டான். யாரும் தவறவில்லை, வீட்டுக்குத் தரை போட்டிருக்கிறேன், அந்தப் படம்தான் அது என்று விளக்கினேன். பிறகு, "நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கீழ்வேளூரிலிருந்து அவன் மாலையோடு கிளம்பியே விட்டான் என்று என் மனைவி இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது மிகை. அவன் மாலை வாங்கவில்லை.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். புத்தகத்தை யாரும் எடுக்காத காலத்தில் நூலகர் என்ன செய்வார்? அவரே எடுத்துப் படிப்பார். அப்படித்தான் கட்டடக்கலைப் பிரிவுக்கு வந்த ஒரு கனத்த புத்தகம் என் கையில் சிக்கியது. நடுப்பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் நாற்காலி இல்லை, கட்டில் இல்லை, மனிதர்களும் இல்லை. தரை மட்டும்தான் இருந்தது. மெருகேற்றிய கான்கிரீட் தரை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் விழுவதுபோல அதன்மேல் காலை வெளிச்சம் விழுந்து கிடந்தது. அதற்கடுத்த பக்கத்துக்கு நான் போகவே இல்லை. அந்தப் புத்தகத்தில் மிச்சம் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தஞ்சாவூருக்கு வெளியே, திருக்காட்டுப்பள்ளி போகிற வழியில், அப்போது எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தரைக்குக் கான்கிரீட் போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவார்கள். நான் சொன்னது, ஒட்டவே வேண்டாம், போட்ட கான்கிரீட்டையே இயந்திரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாம் என்பது. புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய் நடுப்பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

மனைவி நிதானமாகப் பார்த்தாள். "மாட்டுக் கொட்டாய்லயும் இப்படித்தான் விடுவாங்க. அங்க மாடாச்சும் இருக்கும்" என்றாள்.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. அவள் ரவிக்கை தைக்கிறாள், ஆரி ஒர்க் என்கிற பூவேலையும் சொல்லிக் கொடுக்கிறாள். அது நடந்துகொண்டிருந்தது ஒரு மருந்துக் கடையின் மாடியில், ஏணிக்குக் கொஞ்சம் உறவான ஒரு படிக்கட்டின் உச்சியில். முட்டிவலிக்காரப் பெண்கள் கீழே ரோட்டில் நின்றபடியே அளவைக் கத்திச் சொல்வார்கள். தன் இடுப்பளவு கடைத்தெருவுக்கே தெரிவதை எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை விரும்புவதில்லை. வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. புது வீட்டின் முன்ஹால் அவளுக்காகவே கட்டியது. கார்த்திகையில் அங்கே அவள் வகுப்பைத் தொடங்கியாக வேண்டும்.

"பட்டுப்புடவையக் கையில எடுத்துக்கிட்டு வர்றவ, தரையப் பாத்துட்டு, ஐயோ பாவம் வீட்டையே முடிக்கல, ரவிக்கைய எங்க முடிக்கப்போறான்னு திரும்பிப் போய்ட்டா?" என்றாள்.

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் நான் காதல்வயப்பட்டிருந்தேன். அந்த நிலையில் இருப்பவனுக்கு எதற்கும் பதில் உண்டு. விடிய விடியப் பேசியதில் கடைசியாக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

"கிரகப்பிரவேசத்துக்கு அத்தனை பேர் வருவாங்க. அதுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், தானா வாயத் தொறந்து 'தரை நல்லா இருக்கு'ன்னு சொல்லட்டும். நீங்க கேக்கக் கூடாது. கண்ணக் காட்டக் கூடாது. சொல்லிட்டா நான் டைல்ஸ் பேச்சையே எடுக்க மாட்டேன். சொல்லலைன்னா கார்த்திகைக்குள்ள டைல்ஸ்."

அவள் ஏற்கெனவே ஒரு டைல்ஸைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். சந்தன நிறம், உள்ளே தங்க நிறத்தில் நரம்பு ஓடும். கடையில் கெஞ்சி வாங்கிவந்த அந்த ஒற்றை மாதிரித் துண்டைப் புது வீட்டு ஹால் சுவரில் சாய்த்து வைத்தாள். கடைசிவரை அது அங்கேயே நின்று என் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாலிஷ் போட வந்தவர் சிங்கப்பூரில் பல வருடம் கிடங்குகளுக்கும் கடைகளுக்கும் தரை தேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அடக்கம் என்ற பொருளை அவர் விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தார். "சிங்கப்பூர்ல நான் போட்ட தரைய வெள்ளைக்காரன் படுத்துப் பாத்தான் சார்" என்பதுதான் அவர் முதல் வாக்கியம். எதற்காகப் படுத்தான் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் படுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

முதலில் ரம்பத்தால் ஹாலின் குறுக்கே நேர்க்கோடுகள் கீறினார். கான்கிரீட் என்றைக்கானாலும் விரியும், விரிகிற விரிசல் இந்தக் கோட்டுக்குள்ளேயே விரிந்துகொள்ளட்டும் என்பது கணக்கு. பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்தார். வைரத்தூள் பதித்த தட்டுகள் அடியில் சுழல, இயந்திரம் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் நின்ற கொக்குகள் ஊரைக் காலி செய்தன. தரை முழுக்கச் சாம்பல் நிறக் கூழ். அந்தக் கூழை அவர் ரப்பர் பட்டையால் இழுத்துத் தள்ளினார். அடியில் கருங்கல் ஜல்லிகள், கறுப்பும் வெள்ளையும் நீலமுமாக, அறுத்த முகத்தோடு பளிச்சென்று கிடந்தன. நான் 'ஆ' என்று வாயைத் திறந்தது எனக்கே கேட்டது. தினம் மிதிக்கிற பொருளுக்குள்ளே இவ்வளவு நாள் இது இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லையே என்று எல்லார்மீதும் கோபம்கூட வந்தது.

கல்லூரிக்கு லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'வீட்டில் முக்கிய நிகழ்வு' என்று எழுதினேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, குழந்தை பிறக்கிற அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தேன். கான்கிரீட்டை இறுக்குகிற மருந்தை அவர் தெளித்தார். தட்டை மாற்றினார், தேய்த்தார். இன்னும் நைசான தட்டு. மறுபடியும் தேய்ப்பு. ஒருநாள் மதியம் ஜன்னலின் நிழல் தரையில் நிழலாக இல்லாமல் ஜன்னலாகவே தெரிந்தது. கம்பிகளை எண்ணலாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்றைக்குத்தான் அந்த வாட்ஸ்அப் படம்.

"ஒண்ணே ஒண்ணு சார். புளிப்பு ஆகாது. புளி, எலுமிச்சம்பழம், தயிர், எதுவும் கீழ சிந்திக் கெடக்கக் கூடாது. பட்ட எடம் மங்கிடும். சிங்கப்பூர்ல இந்தப் பிரச்சனையே கெடையாது" என்றார் பாலிஷ்காரர்.

காவிரிக் கரையில் புளிப்பில்லாமல் ஒரு வீட்டை நடத்துவது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நாட்களில் ஒருமுறை என் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விவசாயம். அந்த வருடம் சொந்த நிலத்தோடு குத்தகைக்கும் எடுத்துக் குறுவை நெல் போட்டிருந்தார். அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை முந்துமா அறுப்பு மிஷின் முந்துமா என்பதைத் தவிர அவர் தலையில் வேறெதுவும் இல்லை. வாசலிலேயே நின்று ஹாலைப் பார்த்தார். கீறியிருந்த கோடுகளைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது பாசனமா, வடிகாலா?"

"எது மச்சான்?"

"வாய்க்கா வெட்டி வச்சிருக்கீங்களே."

விரிசலைப் பற்றிய விளக்கத்தை நான் முழுமையாகக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப விரியும்னு தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்க" என்றார். பிறகு வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசியின் முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு நம்மவர்கள் வகுத்திருக்கிற சடங்குகள் எல்லாம் மெருகேற்றிய கான்கிரீட்டுக்கு எதிராகவே வகுக்கப்பட்டவை என்று அன்று காலையில்தான் எனக்கு உறைத்தது. மஞ்சள், குங்குமம், ஆரத்தி, அக்கினி, எண்ணெய், கடைசியில் எலுமிச்சம்பழம். புரோகிதர் நிலைப்படியில் பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைக்கப் போனபோது நான் ஓடிப்போய் அடியில் ஒரு தாம்பாளத்தைச் செருகினேன்.

"திருஷ்டி கழியறதுக்குத்தான் சுவாமி வைக்கிறது. தாம்பாளத்துல வச்சா தாம்பாளத்துக்குத்தான் கழியும்" என்றார் அவர்.

"தாம்பாளமும் புதுசுதான்" என்றேன்.

அடுத்தது பசு. கன்றோடு உள்ளே நுழைய வேண்டும். பசு வாசல்வரை வந்தது. ஹாலைப் பார்த்தது. நின்றுவிட்டது. ஓட்டிவந்தவர் கயிற்றைச் சுண்டினார், முதுகில் தட்டினார், கொஞ்சினார். நகரவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பசு நுழையாத வீடு என்றால் அடுத்த பேச்சு எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சந்தன நிற டைல்ஸின் தங்க நரம்பு ஓடியது.

அப்போது பசு தலையைக் குனிந்தது. தரையை முகர்ந்தது. நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது.

"தண்ணின்னு நெனச்சுக்கிச்சு சார்" என்றார் ஓட்டிவந்தவர். "கொளம்னு நெனச்சுத்தான் எறங்க மாட்டேங்குது."

என் நெஞ்சு விம்மியது. இதைவிட ஒரு சான்று உண்டா? மனைவியின் காதருகே போய், "பாத்தியா" என்றேன்.

"மனுஷங்கன்னு சொன்னேன்" என்றாள்.

கடைசியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பசுவை நடத்திக் கூட்டிப்போனார்கள். பால் பொங்கியது. விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள். என் பரீட்சை தொடங்கியது.

நான் எதையும் கேட்கக் கூடாது. கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. ஆனால் கைதவறிப் போவதற்கு ஒப்பந்தத்தில் தடை இல்லை. என் சித்தப்பா முன்னால் சாவிக்கொத்தைக் கீழே போட்டேன். அவர் குனிந்தார். தரைக்கும் அவர் மூக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. எடுத்து என் கையில் கொடுத்து, "சாவியெல்லாம் பத்திரமா வச்சுக்கணும்" என்றார். கல்லூரியில் என்னோடு வேலை பார்ப்பவர் முன்னால் ஒரு ஸ்பூனைப் போட்டேன். "வேற ஸ்பூன் கொண்டாங்கப்பா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பேசியவர்களும் உண்டு. "எப்ப டைல்ஸ் போடறீங்க?" இதை அநேகமாக எல்லாரும் கேட்டார்கள். "மாவு மில்லு வைக்கிற ஐடியாவா?" என்றார் ஒருவர், உண்மையான அக்கறையோடு. என் அத்தை என்னை ஓரமாக இழுத்துப்போய், "கடைசில கை கடிச்சிருச்சாப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கண் கலங்கினாள். ஒரு பெண்மணி வீடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, முகம் மலர, "பாத்ரூம் டைல்ஸ் ரொம்ப அழகா இருக்கு" என்றார். என் மனைவி அவருக்கு இரண்டு தாம்பூலப் பை கொடுத்தாள்.

பாலிஷ்காரரும் விருந்துக்கு வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில். அவர் வாய்ச்சொல் கணக்கில் சேருமா என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க தச்ச ரவிக்கைய நீங்களே நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி" என்றாள். அதையும் விட்டேன்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வெளிச்சம் திடீரென்று குறைந்தது. மச்சான் இலையில் இருந்தார். அதுவரை அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முந்தின நாள்தான் மிஷின் கிடைத்து அறுப்பு முடிந்திருந்தது. நெல் அத்தனையும் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் குவியலுக்குள்ளேயே சூடேறி முளைவிடும். நாலு மாத உழைப்பு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. முதல் இடி இடித்தபோது அவர் சாம்பாரைப் பிசைந்த கையோடு எழுந்துவிட்டார்.

"அண்ணே, உக்காருங்க. இலையில இருந்து எந்திரிக்கக் கூடாது" என்றாள் மனைவி.

"நெல்லு கெடக்கும்மா."

"காய வைக்க எடம் இருக்கா?"

"ஊர்ல இருக்கிற களமெல்லாம் தண்ணில கெடக்கும் இனிமே. சமுதாயக்கூடத்துல ஏற்கெனவே நெல்லு கொட்டியாச்சு. எங்க போறது?"

மனைவி ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. துணியைப் பார்த்ததும் இதில் எத்தனை ரவிக்கை வரும் என்று அளக்கிற பார்வை.

"வண்டில ஏத்தி இங்க கொண்டாந்துடுங்க. ஹாலும் ரூமும் காலியாத்தானே கெடக்கு."

"புது வீடும்மா."

"இருக்கட்டும். எப்படியும் கீழ டைல்ஸ்தான் போடப்போறோம்."

இது என் முன்னாலேயே சொல்லப்பட்டது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்குத் தண்டனைக் கைதியின் சட்டையை அவன் கண்ணெதிரே யாருக்கோ கொடுத்த மாதிரி இருந்தது.

மழைக்கு நடுவே டிராக்டர் வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் ஈர நெல்லின் ஆவி குப்பென்று எழுந்தது. கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. பந்திக்கு வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நெல் கூடை கூடையாக உள்ளே போயிற்று. சற்றுமுன் எனக்காகக் கண் கலங்கிய அத்தை முகமே மாறி, "கிரகப்பிரவேசத்தன்னைக்கு வீடு நெறைய நெல்லு வருது, யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பசு தயங்கியது, எலுமிச்சம்பழம் தாம்பாளத்தில் உட்கார்ந்தது எல்லாம் அந்த நொடியில் மறந்துபோயின. எனக்கும் மறந்துபோயிற்று. என்னை அறியாமல் நானும் ஒரு கூடையைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் புத்தகக் கட்டையும் சுமந்ததில்லை.

பந்தலுக்கு வாடகைக்கு எடுத்த ஸ்டாண்டு விசிறிகள் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் இருந்தன. அவற்றை நாலு மூலையிலும் நிறுத்தினோம். பாலிஷ்காரர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, தரையைக் காயவைக்க அவர் வைத்திருக்கும் ஊதுகுழல் இயந்திரத்தை ஆள் அனுப்பி வரவழைத்தார். அப்புறம் வாசலில் நின்று அதிகாரமாக அறிவித்தார்: "செருப்புக் காலோட ஒருத்தரும் நெல்லு மேல ஏறக் கூடாது. மண்ணு உரசுனா தரையில கோடு விழும்."

"நெல்லு மேல செருப்புக் காலோட யாருய்யா ஏறுவா?" என்றார் மச்சானின் மனைவி. "சிங்கப்பூர்ல ஏறுவாங்களா?"

பாலிஷ்காரர் அன்று முழுக்கச் சிங்கப்பூரைப் பற்றி வேறெதுவும் பேசவில்லை.

பரப்பிய நெல்லை அவ்வப்போது காலால் துழாவிவிட வேண்டும். பாதத்தைத் தூக்காமல், இழுத்து இழுத்து, ஏர் ஓட்டுவதுபோல வரிசையாகப் போவது. அடி நெல் மேலே வரும். மச்சான் மனைவியும், ஆரி வகுப்புப் பெண்களும் புடவையைச் சொருகிக்கொண்டு ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பேசிக்கொண்டே போனார்கள். பார்க்க எளிதாக இருந்தது. நானும் இறங்கினேன்.

கண்ணாடித் தரை. அதன்மேல் உருண்டு ஓடும் நெல்மணி. அதன்மேல் நூலகர். முதல் எட்டிலேயே இரண்டு காலும் என்னைவிட்டுப் பிரிந்து முன்னால் போயின. உட்கார்ந்த நிலையில், நெல்லை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு, ஹாலின் நடுவிலிருந்து பூஜையறை வாசல்வரை போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு அகலமான பாதை தெளிவாகப் பளபளத்தது.

"அடி நெல்லு நல்லா மேல வந்துருச்சு" என்றார் மச்சான். "அந்தப் பக்கமும் ஒரு நடை போய்ட்டு வாங்க மாப்பிள்ளை."

மழை சில நாட்கள் விட்டு விட்டுப் பெய்தது. நாங்கள் சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டோம். எந்தக் கதவைத் திறந்தாலும் நெல். விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். வெயில் எட்டிப் பார்த்தால் ஜன்னல்களைத் திறந்தோம், சாரல் அடித்தால் ஓடிச் சாத்தினோம். மச்சான் காலையில் வந்து, காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடிப்பார். முதலில் சத்தமே வரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அவர் கடிக்கும்போது வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை 'டக்' என்றது. விசிறிகளை மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்குக் கேட்டது.

அள்ளும்போதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். மச்சான் மனைவி பலகையால் தள்ளினார். நெல் கூட்டமாக வழுக்கிக்கொண்டு ஓடிவந்து குவிந்தது. இடுக்கில் ஒரு மணி தங்கவில்லை, ஏனென்றால் இடுக்கே இல்லை. 'வாய்க்கால்'களைப் பாலிஷ்காரர் ரப்பர் பசையால் அடைத்திருந்தார். ரோட்டில் காயவைத்தால் மண்ணும் கல்லும் சேர்ந்து வரும், தூற்ற வேண்டும். இதில் தூசு மட்டும்தான். சாக்குகள் வண்டியில் ஏறின. கடைசிச் சாக்கும் போனபிறகு மனைவி ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டாள்.

நான் வாசலில் நின்றேன். இத்தனை கால்களும் இத்தனை நெல்லும் உரசியதில் தரை கெட்டுப்போயிருக்கும் என்று மனதைத் தேற்றிவைத்திருந்தேன். தரை முன்பைவிட ஆழமாக மின்னியது. என் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது. ஊசி ஒன்று எங்கோ கிடந்து பளிச்சிட்டது. ஆரி வகுப்புப் பெண் யாரோ தவறவிட்டது. மனைவி நேராகப் போய்க் குனிந்து எடுத்தாள். எடுத்ததைச் சுழற்றிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அந்த மருந்துக் கடை மாடியறையில் விழுந்த ஊசியைத் தேட ஆளுக்கொரு மூலையாகப் பெண்கள் தவழ்வார்கள். அவள் சுவரில் சாய்ந்திருந்த டைல்ஸைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். விருந்துக்கு வந்த அத்தனை பேரில் ஒருவரும் சொல்லவில்லை. டைல்ஸ் கடைக்காரர் அளவெடுக்க வருகிற நாளும் குறித்தாயிற்று.

அந்த நாளுக்கு முன்பே மச்சான் வந்துவிட்டார். கொள்முதல் நிலையத்தில் நெல்லை ஈரம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் வண்டியை நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது. பல நாட்களுக்குப் பிறகு வானத்தைப் பார்க்காமல் நடந்து வந்தார். கையில் ஒரு பை நிறைய வாழைப்பூவும் முருங்கைக்காயும். ஹாலில் நாற்காலி போட்டோம். மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் உட்காரவில்லை. வெறும் பாதத்தைத் தரையில் வைத்து, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். அங்கே நெல் இருப்பதுபோல.

நான் எதையும் கேட்கவில்லை. கண்ணைக் காட்டவில்லை. கையில் சாவி இருந்தது, அதையும் போடவில்லை.

"தரை நல்லா இருக்கு" என்றார் மச்சான்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் காபித் தம்ளரைப் பார்த்தாள்.

"யாரும் கேக்கலையேண்ணே" என்றாள்.

"கேட்டாத்தான் சொல்லணுமா? நல்லா இருக்கிறத நல்லா இருக்குன்னு சொல்றேன். ஒரு மணி வீணாப் போவல. ஒரு குறுணிக் கல்லு கலக்கல. இந்த மாதிரி ஒரு தரை நம்ம பக்கத்துலயே கெடையாது."

"சரி" என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பி, "கடைக்காரருக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. எழுந்துபோய் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அந்தப் புத்தகம், அந்த நடுப்பக்கம், வயலில் விழுவதுபோல விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் அவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். சந்தன நிற டைல்ஸ் அன்று மாலையே துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வாளி வைக்கும் பலகையாயிற்று. கார்த்திகையில் வகுப்பும் தொடங்கியது. பெண்கள் இடுப்பளவை உட்கார்ந்தபடி, மெல்லிய குரலில் சொல்கிறார்கள்.

அன்று மச்சானை வழியனுப்ப வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பிவிட்டு, ஏதோ நினைவு வந்தவர்போலத் திரும்பி வீட்டை அடியிலிருந்து மாடிவரை ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்றார். "மேல வீட்டைக் கட்டாம விட்டிருந்தீங்கன்னா, நடுவுல அடிச்ச வெயிலுக்கே நெல்லு காஞ்சிருக்கும்."